இனவரைவியல் கவிதை

களப்பணியில் கண்டதையும் கேட்டதையும் கவிதையாக எழுதி, அந்த எழுத்தின் வழியாகவே ஒரு சமூகத்தை ஆராயும் முறை இனவரைவியல் கவிதை எனப்படும். ஆய்வுக் கட்டுரைக்குள் அடங்காமல் விடுபட்டதைத் தேடிப் பிடிக்கவே கவிதை இங்கே பயன்படுகிறது.

அமெரிக்க மானிடவியலில் கவிஞர்கள் தொடக்கத்திலேயே இருந்தனர். அத்துறையின் முன்னோடி ஃபிரான்ஸ் போவாஸின் மாணவர்களில் எட்வர்ட் சபீர் 1917இல் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டார். ரூத் பெனடிக்ட் ‘ஆன் சிங்கிள்டன்’ என்ற புனைபெயரில் கவிதை எழுதினார். இருவரும் கடிதங்களில் தம் கவிதைகளைப் பரிமாறிக்கொண்டனர். ஆயினும் ஆய்வு வேறு, கவிதை வேறு என்றே வைத்திருந்தனர். பெனடிக்டின் புனைபெயரே அதற்குச் சாட்சி.

கவிஞர் ஜெரோம் ரோத்தன்பர்க் 1968இல், வாய்மொழி மரபுகளைக் கவிதையாகவே அணுகும் இனக்கவிதையியல் என்ற கருத்தை முன்வைத்தபின் இந்தப் பிரிவினை தளர்ந்தது. அவரும் மானிடவியலாளர் டென்னிஸ் டெட்லாக்கும் 1970இல் ‘அல்செரிங்கா’ இதழைத் தொடங்கினர். நியூ மெக்சிகோவின் சூனி மக்களுடைய கதைகளை ஒலிநாடாவில் பதிந்திருந்த டெட்லாக், 1972இல் அவற்றை நூலாக்கியபோது, கதைசொல்லி நிறுத்திய இடங்களில் வரியை முறித்தார்; குரல் உயர்ந்த இடங்களில் பெரிய எழுத்துகளை இட்டார். பத்தி பத்தியாக அச்சிட்ட பழைய தொகுப்புகள் தொலைத்திருந்த மூச்சும் மௌனமும் இப்படித் தாளுக்கு வந்தன.

இம்முறை எவ்வளவு ஆழம் போகும் என்று காட்டியவர் மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ. பிலிப்பைன்ஸின் இலோங்கோட் மக்களிடம் தலைவேட்டை வழக்கம் இருந்தது. காரணம் கேட்டபோது, துக்கத்தில் மூளும் சினம் என்றார் ஒரு முதியவர். அவ்வளவு எளிய விடையில் நிறைவடையாமல் ரொசால்டோ பல ஆண்டுகள் வேறு விளக்கம் தேடினார். 1981 அக்டோபரில், இஃபுகாவ் பகுதியில் களப்பணியிலிருந்த அவருடைய மனைவியும் மானிடவியலாளருமான மிஷெல், மலைப்பாதையில் கால் தவறி விழுந்து இறந்தார். உடலைக் கண்டதும் தமக்குள் மூண்ட சினமே ரொசால்டோவுக்கு முதியவரின் சொல்லைப் புரியவைத்தது. இதைப் பற்றி அவர் 1984இல் வெளியிட்ட கட்டுரை மானிடவியலில் பெரும் தாக்கம் ஏற்படுத்தியது.

அந்த ஒரு நாளுக்கு அக்கட்டுரை போதவில்லை. 2014இல் வந்த ‘ஷெல்லி இறந்த நாள்’ கவிதைத் தொகுப்பில் (ஷெல்லி என்பது மிஷெல்தான்) அவர் அதே நாளை மெதுவாக விரித்தார். ஊரார், வண்டி ஓட்டுநர், பாதிரியார், படைவீரர் என அங்கிருந்தவர்கள் தத்தம் இடத்தில் நின்று பேசுகின்றனர். ஓர் அந்நியரின் மரணம் ஓர் ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்பது இக்கவிதைகளில் தெரியுமளவு கட்டுரையில் தெரியாது.

பிறர் வாயில் சொல் வைக்கும் உரிமை ஆய்வாளருக்கு உண்டா, கேட்டது எது கற்பித்தது எது என்று வாசகர் எப்படிப் பிரிப்பார் என்ற கேள்விகள் நியாயமானவை. வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் ரொசால்டோ தம் கவிதைகளோடு பழைய கட்டுரையையும், கவிதைக்கும் இனவரைவியலுக்கும் உள்ள உறவு பற்றிய விளக்கத்தையும் அதே நூலில் சேர்த்திருக்கிறார்.