வெட்டாமை என்னும் தேர்வு

திகிற்படத் தொடக்கத்தை விரைவான வெட்டுகளாலேயே அமைக்க வேண்டுமென மாணவர் பலர் கருதுவர். வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது. ஓர்சன் வெல்ஸ் இயக்கி 1958இல் வெளிவந்த 'ரச் ஒஃப் ஈவில்' காரொன்றிற் குண்டு வைக்கப்படுவதுடன் தொடங்குகின்றது. கமரா மூன்று நிமிடங்களுக்கு மேலாக வெட்டின்றி நகர்கின்றது. குண்டு வெடிக்கும்போதே முதல் வெட்டு நிகழ்கின்றது. ஆயின், யூனிவர்சல் நிறுவனம் அக்காட்சியின்மீது பெயர்ப்பட்டியலையும் ஹென்றி மன்சினியின் இசையையும் ஏற்றியது. நிறுவனத்தின் தொகுப்பைக் கண்ட வெல்ஸ் 1957இலேயே 58 பக்கக் குறிப்பொன்றை வரைந்திருந்தார். அதனைத் தழுவி 1998இல் மறுதொகுப்புச் செய்த வோல்ட்டர் மேர்ச், பெயர்களை இறுதிக்கு நகர்த்தி, வீதியோசையையும் கடைகளிலிருந்தெழும் இசையையும் ஒலிக்கவிட்டார். அக்காட்சியில் ஒரு வெட்டும் கூடவில்லை. எனினும் காட்சி புதிதாயிற்று. எங்கே வெட்டுவது என்பதற்கு முன், பார்வையாளர் எதனைக் காணவும் கேட்கவும் வேண்டும் என்பதே தொகுப்பாளரின் முதல் வினாவாகும்.