கொற்கையை நிலம் கொண்டது



பூம்புகாரைக் கடல் கொண்டது என்று நாம் படித்திருக்கின்றோம். கபாடபுரத்தையும் கடலே கொண்டது என்று பழைய உரைகள் கூறும். ஆனால், தமிழகத்துத் துறைமுகம் ஒன்றைக் கடல் கொள்ளவில்லை, நிலம் கொண்டது. அதுவே பாண்டியர் முத்துத் துறையாகிய கொற்கை. அலைகடலின் ஓரத்தில் நின்ற அந்நகரம், இன்று கடலினின்று ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக இருக்கின்றது. அங்கே நாவாயும் இல்லை, கடலோசையும் இல்லை. இம்மாற்றத்தைச் செய்தது பகையரசர் படை அன்று. பொருநை என்று புலவர் போற்றிய தாமிரவருணியே அதனைச் செய்தது. அந்த ஆறு மலையை எவ்வாறு அறுத்தது, அறுத்த மலையை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, அதனால் ஒரு கடற்கரையின் வரலாறு எவ்வாறு திரும்பியது என்பதையே இன்று உங்களிடம் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பொருநை பிறக்குமிடம் பொதிகை. அங்குள்ள அகத்தியர் மலையின் உயரம் 1,868 மீட்டர். மலையிலிருந்து கடல் வரை ஆறு நடக்கும் தூரம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். இத்தூரத்தில் சிறு பகுதியே மலைவழி. ஆயினும், இறங்க வேண்டிய உயரத்தில் பெரும்பகுதியை ஆறு அச்சிறு பகுதியிலேயே இறங்கிவிடுகின்றது. பாணதீர்த்தத்திலும், பாபநாசத்துக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்திலும் பாறைகளைப் பிளந்துகொண்டு அது பாய்வதைக் கண்டவர்கள், நீருக்கு இத்துணை வலிமையா என்று வியப்பார்கள்.

உண்மையில், வெறும் நீர் பாறையை எளிதில் அறுத்துவிடாது. முதலில் வெயிலும் மழையும் தம் வேலையைச் செய்கின்றன. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவையும், மட்கிய இலைகளின் அமிலத்தையும் ஏற்றுக்கொண்டு பாறையின் வெடிப்புகளில் இறங்குகின்றது. பாறையிலுள்ள சில கனிமங்கள் அதனால் நெகிழ்ந்து களிமண்ணாகின்றன. நெகிழாதவை மணலாக உதிர்கின்றன. உதிர்ந்த மணலும் கல்லுமே ஆற்றின் உளிகள். கோடையில் நீர் வற்றிய காலத்தில் அந்தப் பாறைகளின்மேல் நான் நடந்து பார்த்திருக்கின்றேன். நம் வீட்டு உரலைப்போல் வட்டமான குழிகள் அவற்றில் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில கூழாங்கற்கள் கிடக்கும். சுழல் நீர் அக்கற்களைச் சுழற்றிச் சுழற்றியே குழியைக் குடைந்தது. குழிகள் ஆழ்ந்து, ஒன்றோடொன்று கூடிப் பள்ளமாகின்றன; பள்ளம் நாளடைவில் பள்ளத்தாக்காகின்றது.

வெள்ளக் காலத்தில் இவ்வேலை பன்மடங்கு விரைகின்றது. ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது ஆற்றியல் நூல்கள் கூறும் கணக்கு. ஆண்டெல்லாம் அமைதியாக ஓடும் ஆறு, ஐப்பசி கார்த்திகையில் ஓரிரு நாட்களில் யானையளவு பாறைகளைப் புரட்டிவிடுவதன் காரணம் இதுவே.

இத்தொழில் எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலே ஒரு சான்று உண்டு. அங்கே கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும், 1,600 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. ஏறத்தாழ 50, 60 இலட்சம் ஆண்டுகளாக அது அறுக்கப்பட்டு வருகின்றது என்பர். அதைக் காணச் செல்வோர் அனைவரும் பள்ளத்தைப் பார்த்து வியக்கின்றனர். பள்ளத்தில் இருந்த மலை எங்கே போயிற்று என்று கேட்பவர் சிலரே. அது கலிபோர்னிய வளைகுடாவின் முகத்தில் வண்டலாகிப் படிந்தது. ஆகவே, பள்ளத்தாக்கு என்பது கணக்கேட்டின் செலவுப் பக்கம். ஆற்றுமுகத்து நிலமே அதன் வரவுப் பக்கம். கொலராடோவின் செலவுப் பக்கம் உலகறிந்தது. நம் பொருநையின் வரவுப் பக்கமே தமிழர் வரலாற்றை மாற்றியது.

மலையைவிட்டு இறங்கியதும் ஆற்றின் வேகம் தளர்கின்றது. முதலில் பெருங்கற்களையும், பிறகு கூழாங்கற்களையும், பின்னர் மணலையும் அது கைவிடுகின்றது. நுண்ணிய வண்டல் மட்டும் கடல்வரை செல்கின்றது. அங்கே உப்புநீர் பட்டவுடன் அவ்வண்டல் திரண்டு அடியில் தங்குகின்றது. மற்றொரு புறம், அலைகள் மணலைத் தள்ளிக் கரைக்கு எதிரே திட்டுகளை எழுப்புகின்றன. திட்டுக்கும் கரைக்கும் இடையே அகப்பட்ட நீர்ப்பரப்பையே நம் முன்னோர் காயல் என்றனர். காயல் முதலில் கலங்களுக்கு நல்ல புகலிடம், பிறகு சேறு, அதன்பின் வயல். பல்லாயிரம் ஆண்டுகளில் கடல்மட்டம் ஏறியிறங்கியதும் இதற்குத் துணைசெய்தது.

இனி, மாந்தர் வரலாற்றுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், பாண்டியர்க்குரிய கொற்கையில் முத்துக் குளித்தல் நடந்ததையும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதையும் கூறுகின்றது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் கொற்கையைக் குறித்தார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது அறுத்த சங்குகளும், முத்துச் சிப்பிகளும், உறைகிணறும் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கரியை ஆராய்ந்து கி.மு. 785 என்று ஒரு காலமும் கணித்தனர். வயல் நடுவே சங்கறுத்த தொழிற்கூடம் எவ்வாறு வந்தது? தொழிற்கூடம் வயலுக்கு வரவில்லை. வயலே பின்னர் வந்தது.

கொற்கைத் துறை தூர்ந்தபின் வணிகர் சோர்ந்துவிடவில்லை. கடலைத் தொடர்ந்து கிழக்கே சென்றனர். அங்கே எழுந்தது காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அதனைப் பெரிய சிறந்த நகரம் என்று போற்றினார். ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களினின்று குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்தன. அந்நகரம் இன்றைய பழையகாயலே என்று நிறுவியவர் கால்டுவெல். அவர் 19ஆம் நூற்றாண்டில் அங்கே உடைந்த ஓடுகளும், சீனப் பாண்டங்களின் துண்டுகளும் நிலமெங்கும் சிதறிக் கிடக்கக் கண்டார். ஆனால், ஆறு தன் தொழிலை நிறுத்தவில்லை. காயலும் தூர்ந்தது, கரை மீண்டும் கிழக்கே நகர்ந்தது. ஆற்றுமுகத்தில் புன்னைக்காயல் எழுந்தது. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்னும் பெயர்களே, இக்கரையில் ஒருகாலத்தில் நீர் எங்கெங்கே நின்றது என்பதற்குச் சான்று அல்லவா?

போர்ச்சுகீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் ஆண்ட காலத்தில் தூத்துக்குடி முதன்மை பெற்றது. அது ஆற்றுமுகத்துக்கு வடக்கே விலகி நின்றது. எதிரே உள்ள தீவுகள் அலைகளைத் தடுத்தன. எனினும், கரையோரக் கடல் ஆழமற்றது. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய நாளிலும், பெரிய கப்பல்கள் கரையினின்று பல கல் தொலைவிலேயே நங்கூரமிட்டன. தோணிகளே சரக்கைச் சுமந்தன. 1974இல் பெருந்துறைமுகம் எனப் பெயர் பெற்ற புதிய துறை, கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரு கல்லணைகளின் நடுவே அமைந்தது. கொற்கையில் நிலம் கடலைத் தேடிச் சென்றது. தூத்துக்குடியில் மனிதன் கல்லடுக்கிக் கடலைத் தேடிச் சென்றான்.

முத்தின் வாழ்வும் மணலோடு தொடர்புடையதே. முத்துச் சிப்பிகள், பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பற்றி வளர்வன. நீரோட்டம் பெயர்த்த மணல் பாரை மூடினால், இளஞ்சிப்பிகள் மடிந்துபோகும். பல ஆண்டுகள் முத்துக் குளித்தல் இன்றிக் கழிந்தமைக்கு இது ஒரு காரணம் என்று ஆய்ந்தோர் கூறினர். தூத்துக்குடியில் இறுதியாக முத்துக் குளித்தல் நடந்தது 1961இல்.

ஆற்றின் கணக்கேட்டில் இன்று ஒரு பெரிய மாறுதல் நேர்ந்துள்ளது. பாபநாசம் அணையும், 1958இல் முடிவுற்ற மணிமுத்தாறு அணையும், ஆற்றின் குறுக்கேயுள்ள 8 அணைக்கட்டுகளும் நீரைத் தேக்குகின்றன. நீரோடு மணலும் தேங்குகின்றது. எட்டாவதாகிய திருவைகுண்டம் அணையில் சேர்ந்த மண்ணை அகற்றும் பணி 2015இல் தொடங்கப்பட்டது. அணைகளைத் தாண்டி வந்த மணலையும் மனிதர் அள்ளினர். அணையின்றி நமக்கு நெல்லும் இல்லை, குடிநீரும் இல்லை. ஆயினும், கரைக்குச் சேரவேண்டிய பங்கு குறைந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆறு தன் இயல்பையும் மறக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. உயிர்களும் வீடுகளும் பயிர்களும் அழிந்தன. எந்தத் தாழ்நிலத்தை வெள்ளம் மூடியது? முன்னாள் வெள்ளங்கள் வண்டலிட்டு உண்டாக்கிய நிலத்தையே மூடியது. ஆறு தந்த நிலத்தில் வாழ்வோர், ஆறு வரும் வழியை அறிந்து வாழ்தல் வேண்டும். கால்வாயை அடைத்து வீடு கட்டுவது, கணக்கேட்டைப் படியாமல் கடன் வாங்குவதைப் போன்றது.

மாணவர்களே, அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் வரலாற்றின் ஒரு பகுதியே. மலையும் ஆறும் மணலும் மற்றொரு பகுதி. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் படத்தை விரித்து, பொதிகையில் விரல் வைத்து, ஆற்றின் வழியே கொற்கைக்கும், பழையகாயலுக்கும், புன்னைக்காயலுக்கும் வாருங்கள். இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உங்கள் விரலின்கீழ் நகரும். வாய்ப்புக் கிடைக்கும்போது அவ்வூர்களுக்கு நேரில் சென்று, வயலில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பது பொதிகை மலை.