குழாயில் நீளும் சாயம்

மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் நீர் மெதுவாக ஓடுகிறது. அதில் சிறிதளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலைச் செலுத்துங்கள். குறுகிய ஊதாத் துண்டாகப் புறப்படும் சாயம், மறுமுனையை அடைவதற்குள் நீண்டு வெளுத்துவிடும். ஏன்?

குழாயின் நடுவில் நீர் விரைவாகவும், சுவரோரத்தில் மிக மெதுவாகவும் ஓடுகிறது. நடுவிலுள்ள வேகம் சராசரி வேகத்தைப்போல் இரு மடங்கு! ஆகவே சாயம் இழுபடுகிறது. இங்கிலாந்து அறிஞர் ஜெஃப்ரி டெய்லர் 1953-இல் இதைச் சோதனையாலும் கணிதத்தாலும் விளக்கினார். சாய மூலக்கூறுகள் குறுக்கே விரவி, வேகமான பகுதிக்கும் மந்தமான பகுதிக்கும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் சாயத்தின் மையம் சராசரி வேகத்திலேயே நகர்கிறது. மற்றொரு வியப்பு: மூலக்கூறுகள் எவ்வளவு விரைவாக விரவுகின்றனவோ, அவ்வளவு குறைவாகவே சாயம் நீளும்.

இந்த நீட்சியை வேதியியலார் எளிதில் கையாளும் எண்ணாக மாற்றியவர்கள் டென்மார்க்கில் பணியாற்றிய ரூசிச்காவும் ஹான்சனும் ஆவர். ஓடும் நீர்மத்தில் மாதிரியைச் செலுத்திப் பகுத்தாயும் முறையை இவர்கள் 1975-இல் வெளியிட்டனர். செலுத்திய கரைசலின் செறிவைக் கருவி காணும் உச்சச் செறிவால் வகுத்தால் கிடைப்பதே பரவல் எண். செலுத்தியது 10 அலகு, உச்சத்தில் கண்டது 5 அலகு எனில், பரவல் எண் 2.

நீருக்கு மட்டுமல்ல, வாயுவுக்கும் இத்தொல்லை உண்டு. 1964, 1965-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் கிரீன்ஃபீல்டு குழுவினரும், அமெரிக்காவில் ஃபாசல், வென்ட் ஆகியோரும் ஆர்கான் பிளாஸ்மாவைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தினர். பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள அதில் மாதிரியின் அணுக்கள் ஒளிரும். அந்த ஒளியின் நிறமாலை தனிமங்களைக் காட்டிக்கொடுக்கும். பின்னர் அயனிகளை நிறைவாரியாகப் பிரித்தறியும் கருவியும் பிளாஸ்மாவுடன் இணைந்தது. 1985-இல் ஆலன் கிரே, லேசர் ஒளியால் பாறையைச் சுரண்டி, அத்துகளை வாயுவில் ஏற்றி இக்கருவிக்கு அனுப்பினார்.

இங்கேதான் ஆபத்து! சிர்க்கான் படிகம் ஒன்றின் மையம் பழையதாகவும் மேலடுக்கு புதியதாகவும் இருக்கலாம். ஓர் அடுக்கின் துகள் குழாயைவிட்டு அகலுமுன் அடுத்த அடுக்கின் துகளும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டும் கலந்து, எந்த நிகழ்ச்சிக்கும் உரியதல்லாத ஒரு வயதைக் கருவி காட்டிவிடும்.

ஆகவே ஆய்வாளர்கள் முதலில் ஒரே ஒரு லேசர் துடிப்பைச் செலுத்துகின்றனர். குறி உச்சத்துக்கு உயர்ந்து, அதில் நூற்றில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கின்றனர். தொடக்கக்கால அறைகளில் இதற்குப் பல விநாடிகள் பிடித்தன. இன்றைய சிற்றறைகளில் சில மில்லி விநாடிகளே போதும்.

கருவி நுட்பமாயிருந்தால் மட்டும் போதாது. மாதிரியைச் சுமந்து வரும் குழாயையும் அளந்தறிய வேண்டும்.