ஒரு கம்பி, பல கடைகள்

நாலு குடித்தனம் உள்ள வீட்டில் கிணறு ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வேறு தெருவில் இருந்தால் பாதகமில்லை. அவரே நாலில் ஒரு குடித்தனமாக அங்கேயே இருந்து, கொல்லைக் கதவின் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தால், மற்ற மூன்று வீட்டாரும் சந்தேகத்தோடுதான் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். பிரிட்டனில் டெலிபோன் கம்பியைச் சுற்றி எழுந்த சந்தேகமும் இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான்.

1912 ஜனவரி முதல் தேதியன்று, நேஷனல் டெலிபோன் கம்பெனியை அந்நாட்டுத் தபால் இலாகா ஏற்றுக்கொண்டது. ஹல் நகரசபை தன் டெலிபோனை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றபடி ஏறக்குறைய எல்லாக் கம்பியும் சர்க்காருடையதாயிற்று. 1981-ல் டெலிபோன் பகுதி தபாலிலிருந்து பிரிந்து பிரிட்டிஷ் டெலிகாம் ஆயிற்று. 1984 நவம்பரில் அதன் பங்குகளில் பாதிக்குச் சற்று அதிகமானவை விற்கப்பட்டன. பொதுச் சொத்தாக இருந்த கம்பி, லாபம் தேடும் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

2000-ம் ஆண்டில் அந்தப் பழைய செப்புக் கம்பியிலேயே பிராட்பாண்ட் வந்தது. இன்டர்நெட் விற்கப் பல கடைக்காரர்கள் முன்வந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு கம்பி போடத் தெருத் தெருவாகப் பள்ளம் தோண்ட யாரிடம் பணம் இருக்கிறது? ஆகவே பிரிட்டிஷ் டெலிகாம் தன் கம்பியை மற்றவர்களுக்கு மொத்த விலையில் கொடுத்தது. கூடவே தானும் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தது. சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

எல்லாக் கடைகளின் வாடிக்கைக்காரர்களும் ஒரே வழியாக வந்து ஒரே யந்திரத்தில் சேர்கிறார்களே, அவர்களைப் பிரிப்பது எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். ரௌட்டர் என்னும் அந்த யந்திரம், தபாலாபீசில் கடிதம் பிரிக்கிறவரின் வேலையைச் செய்கிறது. வாடிக்கைக்காரர் கொடுக்கும் பெயரின் பின்பாதியில் கடையின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து, இன்னாருடைய ஆள் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் அனுப்பிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்து என்று ஆரம்பிக்கும் விலாச எண்களை யார் வேண்டுமானாலும் உள் உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது 1996-ல் எழுதப்பட்ட விதி. எல்லா ஊரிலும் ஒரு மேலத் தெரு இருப்பதுபோல், எல்லாக் கடைக்காரர்களிடமும் அதே எண்கள் இருந்தன. ஒரே பேரேட்டில் எழுதினால் யந்திரம் குழம்பிப்போகும். 1999 மார்ச்சில் எரிக் ரோசன், யாக்கோவ் ரெக்டர் என்ற இருவர் இதற்கு ஒரு முறையை எழுதி வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பேரேடு. விலாசத்துக்கு முன்னால் ஊர்ப் பெயர்போல ஒரு தனி அடையாள எண். அவ்வளவுதான். இந்த முறைப்படி, இருப்பது ஒரே யந்திரமானாலும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் அது தம் சொந்த ரௌட்டராகவே நடந்துகொள்ளும்.

இதை அமைக்கிறவர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. பேரேட்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அடையாள எண் கொடுக்க வேண்டும். எந்தப் பாதைகள் உள்ளே வரலாம், எவை வெளியே போகலாம் என்று குறிக்க வேண்டும். எந்த வாடிக்கைக்காரர் எந்தப் பேரேட்டைச் சேர்ந்தவர் என்றும் எழுத வேண்டும். சில வரிகளில் முடிகிற காரியம். ஆனால் உள்ளே வரலாம் என்கிற வரியில் ஓர் எண் பிசகினால், ஒரு கடையின் பாதை அடுத்த கடையின் பேரேட்டில் நுழைந்துவிடும். மேலும், பேரேடுகள் தனியானாலும் யந்திரத்தின் நினைவும் வேகமும் பொதுவானவை. ஒருவருடைய கூட்டம் மிஞ்சினால் மற்றவர்களும் தவிப்பார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று அளவும் வைக்க வேண்டும்.

யந்திரத்துக்குள் சுவர் எழுப்புவது இத்தனை சுலபமாக இருக்க, கம்பெனிக்குள் எழுப்புவதற்கு எத்தனை பாடு! மற்றக் கடைக்காரர்களின் முறையீடு வளர்ந்துகொண்டே போயிற்று. 2005-ல் ஆஃப்காம் என்ற கண்காணிப்பு ஸ்தாபனம், கம்பெனியைத் துண்டாடும் விசாரணைக்குப் பதிலாக அதனிடமிருந்து உறுதிமொழிகளை வாங்கிக்கொண்டது. அதன்படி 2006 ஜனவரியில் ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவு பிறந்தது. சொந்தக் கடைக்கும் அயலார் கடைக்கும் ஒரே விலை, ஒரே மரியாதை என்று ஏற்பாடு. அப்படியும் சந்தேகம் தீரவில்லை. 2017-ல் சட்டப்படி தனிக் கம்பெனியாக்க இணங்கினார்கள். 2018-ல் 30,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் அதற்கு மாற்றப்பட்டார்கள். அதன் பிறகும் உடைமை என்னவோ தாய்க் கம்பெனியிடமேதான் இருந்தது.

ரௌட்டருக்குச் சொந்தக் கடை கிடையாது. எழுதிக்கொடுத்த சில வரிகளுக்கு அது கட்டுப்பட்டுவிடுகிறது. கடை வைத்திருக்கிற மனிதர்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும், அந்தச் சட்டத்தைக் காக்க ஓர் ஆளும், வருஷக் கணக்கான பொறுமையும் தேவைப்படுகின்றன. கம்பி ஒன்றாகவும் கடைகள் பலவாகவும் இருக்கிற வரையில், அந்தக் காவலுக்கு ஓய்வு கொடுக்க முடியாது.