தோட்ட மண்டபக் கூரையில் ஒளிச்சாளரம்: விதி என்ன?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பள்ளி, ஆலய மண்டபங்களை விரிவுபடுத்தும்போது, வெளிச்சத்திற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் தகடு பதிப்பதுண்டு. மின்கட்டணம் குறையலாம், வெப்பமும் உள்ளே இறங்கும்.

குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கான எம்எஸ் 1525 தரநிலைப்படி, குளிரூட்டப்பட்ட இடத்தின் மேல் ஒளிச்சாளரம் இருந்தால், கூரைவழி வெப்ப வரவு சதுர மீட்டருக்கு 25 வாட்டைத் தாண்டக்கூடாது. 1984 சீரான கட்டடத் துணைச்சட்டங்களின் 38ஏ விதி, குளிரூட்டப்பட்ட பரப்பு 4,000 சதுர மீட்டரைத் தாண்டும் புதிய, புதுப்பிக்கப்பட்ட கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்குகிறது.

சிறு மண்டபங்கள் இந்த வரம்புக்குள் வராது. ஆனால், தகரம் போன்ற எடை குறைந்த கூரையின் வெப்பக் கடத்தல் அளவு 0.4-க்குள் இருக்கவேண்டும் என்பது எல்லாக் கட்டடங்களுக்கும் பொது. நிழலோ வேறு குளிர்விப்பு வழியோ இருந்தால் விலக்குண்டு.

துணைச்சட்டங்களை அந்தந்த மாநிலமே அரசிதழில் வெளியிடுகிறது. எனவே, தகடு வாங்கும் முன் ஊராட்சி மன்றத்தில் விசாரித்து, வரைபட அனுமதி பெறுங்கள்.