வீட்டுக்குள் ஒரு வேஷம்

லண்டனில் அந்த இளம் நடிகையின் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் கண்ணில், கறுத்த நிறத்தில் ஒரு பெண்மணி தட்டுப்படுவார். இந்தியாவிலிருந்து கூட்டி வந்த ஆயா என்று நினைத்துக்கொள்வார்கள். நடிகையும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

ஆயா இல்லை. அவர் 'அம்மா' என்று கூப்பிட்டு வளர்ந்த பெண்மணியேதான்!

நடிகையின் பெயர் மெர்ல் ஓபரான். நிஜப் பெயர் எஸ்டெல் மெர்ல் தாம்ஸன். பிறந்தது 1911-ல், நம்ம பம்பாயில். அந்த வருஷம் மேரி மகாராணி இந்தியாவுக்கு வந்தார் என்பதால் செல்லப் பெயர் 'குவீனி'. பெயரில்தான் ராணி. ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்த அப்பா முதல் உலகப் போருக்குப் போய் 1916-ல் நிமோனியாவில் இறந்துபோனார். சார்லட் செல்பி, அதாவது அந்த 'ஆயா', இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண். சிறுமியோடு கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே லா மார்ட்டினியர் பள்ளியில் உதவித்தொகையில் இடம் கிடைத்தது. கூடவே கிடைத்தது, 'கலப்படம்' என்ற கேலி. தாங்க முடியாமல் பாதியில் நின்றுவிட்டார். அப்புறம் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, சாயங்காலம் அமெச்சூர் நாடகம். ஒரு காதலர்கூட வாய்த்தார். வீட்டுக்கு வந்து சார்லட்டின் நிறத்தைப் பார்த்ததும் மனிதர் கழன்றுகொண்டார் என்கிறார்கள். குவீனி கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இருவரும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்கள். லண்டனில் 'கஃபே டி பாரிஸ்' கிளப்பில் விருந்தினரை வரவேற்கும் வேலை. சினிமாவில் கூட்டத்தோடு நிற்கிற வேஷங்கள். இப்படியே சில வருஷங்கள். அப்போதுதான் அலெக்ஸாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டார். கோர்டாவே ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்தவர். 1933-ல் எட்டாம் ஹென்றி பற்றிய படத்தில் ஆன் போலின் வேஷம் கொடுத்தார். தலை வெட்டப்படப் போகிற ராணி! திரையில் வருவது சில நிமிஷங்கள்தான். ஆனால் படம் அமெரிக்கா வரை பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்த வருஷமே 'ஸ்கார்லெட் பிம்பர்னெல்' படத்தில் கதாநாயகி.

நட்சத்திரத்துக்கு ஒரு ஜாதகம் வேண்டுமே? எழுதினார்கள். பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. பிறப்புச் சான்றிதழ்? தீயில் எரிந்துவிட்டது. அவ்வளவு தூரம் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்!

பொய் சொன்னார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அன்றைய ஹாலிவுட்டில், வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டவே தணிக்கை விதி தடை போட்டிருந்தது. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1923-லேயே சொல்லிவிட்டது. 'பம்பாயில் பிறந்தவள்' என்று குவீனி வாயைத் திறந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். திறக்கவில்லை. 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக 1936-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் போட்டிக்குப் போனார். பரிசு பெட் டேவிஸுக்குப் போனது. ஆசிய ரத்தமுள்ள ஒரு பெண் அந்தப் பட்டியலில் இருந்தது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1979-ல் மெர்ல் இறந்து நாலு வருஷம் கழித்து வந்த வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம்தான் விஷயத்தை உடைத்தது.

அதற்குப் பிறகு பம்பாய்ப் பிறப்புப் பதிவும் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் தாய் என்று இருந்த பெயர் கான்ஸ்டன்ஸ். சார்லட்டின் மகள். குழந்தை பிறந்தபோது அவளே பள்ளிக்கூட வயசுச் சிறுமி. சார்லட் அம்மா இல்லை, பாட்டி! மகளின் மானத்தைக் காப்பாற்ற அம்மா வேஷம் போட்டவர், லண்டனில் பேத்தியின் தொழிலைக் காப்பாற்ற ஆயா வேஷமும் போட்டிருக்கிறார்.

சார்லட் 1937-ல் இறந்தார். 1949-ல் மெர்ல், பழைய போட்டோ ஒன்றை ஓவியரிடம் கொடுத்து அவரை வரையச் சொன்னார். கூடவே ஒரு கட்டளை: தோலின் நிறத்தை வெளுப்பாகத் தீட்ட வேண்டும். அப்படியே தீட்டிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைத்தான் 'என் அம்மா' என்று வீட்டில் மாட்டி வைத்திருந்தார்.