க்ரூஸர் பைக் பராமரிப்பு: சர்வீஸ் மேனுவலைப் பயன்படுத்துவது எப்படி?

புது தில்லி: தாழ்ந்த இருக்கை, முன்னோக்கி அமைந்த கால்மிதி, நீண்ட தூரப் பயணத்துக்கேற்ற எடை ஆகியவை க்ரூஸர் வகை மோட்டார் சைக்கிள்களின் அடையாளம். என்ஜின் சத்தத்தைக் கேட்டே பழுதைக் கண்டறிந்த காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிமுறை அமலுக்கு வந்தபின், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், சென்சார்கள், ஏபிஎஸ் பிரேக் ஆகியவை இவ்வகை வண்டிகளில் இயல்பாகிவிட்டன. எனவே தயாரிப்பு நிறுவனம் வெளியிடும் சர்வீஸ் மேனுவல், மெக்கானிக்குக்கு மட்டுமன்றி உரிமையாளருக்கும் தேவையான நூலாகியுள்ளது.

மூன்று கையேடுகள்

வண்டி வாங்கும்போது தரப்படுவது உரிமையாளர் கையேடு. வண்டியை இயக்கும் முறை, டயரில் இருக்க வேண்டிய காற்றழுத்தம், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எந்தப் பராமரிப்பு என்ற அட்டவணை ஆகியவை அதில் இருக்கும். சர்வீஸ் மேனுவல் வேறு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் வரிசை, அளவிடும் முறை, மீண்டும் பொருத்தும் முறை, மின்சுற்று வரைபடம் ஆகியவற்றைக் கொண்டது அது. பயிற்சி பெற்ற மெக்கானிக்கை மனத்தில் கொண்டு எழுதப்படுவது. மூன்றாவது, உதிரிபாகப் பட்டியல். பாகங்களைப் பிரித்துக் காட்டும் படங்களும் அவற்றின் எண்களும் இதில் இருக்கும். வாஷர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்ற ஐயத்தைச் சர்வீஸ் மேனுவலைவிட இந்தப் பட்டியலே பல நேரங்களில் விரைவாகத் தீர்க்கும்.

வண்டிக்கு உரிய பதிப்பா?

பெயர் ஒன்றாக இருந்தாலும் என்ஜின் வேறாக இருக்கலாம். பஜாஜ் நிறுவனம் 2005-இல் அறிமுகம் செய்த அவெஞ்சர், பின்னாளில் வெவ்வேறு என்ஜின் திறன்களில் வந்தது. ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350-இல் இருந்தது 346 சி.சி. என்ஜின். அதில் ஹைட்ராலிக் டேப்பட் இருந்ததால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலை இல்லை. 2020 நவம்பரில் வந்த மீட்டியோர் 350-இன் 349 சி.சி. என்ஜினிலோ அந்த இடைவெளியைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் 350 என்று கருதி ஒன்றின் மேனுவலை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் தவறு நேரும். ஆகவே பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண், தயாரிப்பு ஆண்டு ஆகியவற்றை மேனுவலின் முதல் பக்கங்களோடு ஒப்பிட்டபின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

படிக்கும் முறை

மேனுவலை நாவல் போல முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. ஆனால் செய்யவிருக்கும் வேலைக்கான பகுதியை, ஸ்பேனரைத் தொடும் முன் முழுமையாகப் படித்தாக வேண்டும். எட்டாவது படியில் தனிக்கருவி தேவை என்பது, ஏழு படிகளை முடித்து என்ஜினைப் பிரித்தபின் தெரியவந்தால் வண்டி அப்படியே கிடக்கும். பல மேனுவல்களில் 'பொருத்துதல், கழற்றியதன் தலைகீழ் வரிசை' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். எனவே ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும், கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் இடுவதும் நல்ல பழக்கம்.

'எச்சரிக்கை' என்பது பொதுவாக மனிதருக்கு நேரக்கூடிய ஆபத்தையும், 'கவனம்' என்பது வண்டிக்கு நேரக்கூடிய சேதத்தையும் குறிக்கும். இந்தப் பொருளை மேனுவலின் தொடக்கத்திலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது?

மேனுவலில் அடிக்கடி தேடப்படுவது போல்ட்டுகளை இறுக்கும் அளவு. இது முறுக்கு விசை எனப்படும். நியூட்டன் மீட்டரில் குறிக்கப்படும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் சுமார் 10 கிலோ எடைக்கு இணையான விசையைச் செலுத்தினால், போல்ட்டில் ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் விசை உண்டாகும். இதைத் துல்லியமாக அளக்க டார்க் ரெஞ்ச் தேவை.

அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது ஆபத்தானது. அமெரிக்க வண்டிகளின் மேனுவல்களில் பெரிய போல்ட்டுகளுக்கு அடி-பவுண்டும், சிறியவற்றுக்கு அங்குல-பவுண்டும் தரப்படுவதுண்டு. இவ்விரண்டுக்கும் இடையே 12 மடங்கு வேறுபாடு உண்டு. அளவை மீறி இறுக்கினால் அலுமினிய என்ஜினின் மரை பிய்ந்துவிடும். குறைவாக இறுக்கினால் சக்கர அச்சின் நட்டு ஓட்டத்தில் தளரக்கூடும். உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட அளவை எண்ணெய் தடவிய மரைக்குப் பயன்படுத்தினால், போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். பல போல்ட்டுகள் உள்ள மூடிகளை, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

தேய்மான வரம்பு

அளவு அட்டவணைகளில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கும். ஒன்று புதிய பாகத்தின் இயல்பு அளவு. மற்றொன்று தேய்மான வரம்பு. இரண்டாவது எண்ணைத் தாண்டிய பாகத்தை மாற்றியே ஆக வேண்டும். பிரேக் பேடு, டிஸ்க், கிளட்ச் தட்டுகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

வால்வு இடைவெளியை என்ஜின் குளிர்ந்த நிலையில்தான் அளக்க வேண்டும். பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சத்தில், இரு வால்வுகளும் மூடியிருக்கும்போது, ஃபீலர் கேஜ் தகட்டைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். சூடான என்ஜினில் எடுத்த அளவு தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

எண்ணெயும் பிரேக் திரவமும்

க்ரூஸர்கள் பலவற்றில் கிளட்ச், என்ஜின் எண்ணெயிலேயே நனைந்து இயங்குகிறது. அத்தகைய வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ தரமுள்ள எண்ணெயை மேனுவல்கள் பரிந்துரைக்கின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

பிரேக் ஆயில் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது உண்மையில் எண்ணெய் அன்று. டாட் 4 வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடக்கூட அதன் கொதிநிலை குறையும். நீண்ட மலைச்சரிவில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது திரவம் கொதித்து, பிரேக் செயலிழக்கும் அபாயம் உண்டு. மணாலி, லே போன்ற இடங்களுக்குச் செல்வோர் இதை மறக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்திரவத்தை மாற்றுமாறு பல நிறுவனங்கள் கூறுகின்றன. சிலிக்கோனால் ஆன டாட் 5 திரவத்தை இதனுடன் கலக்கக் கூடாது.

மின்சுற்று வரைபடம்

வரைபடத்தில் கம்பிகளின் நிறம் சுருக்கெழுத்துகளால் குறிக்கப்படும். அந்த எழுத்துகளுக்கான விளக்கத்தை முதலில் பார்த்துக்கொண்டால், மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டே பல கோளாறுகளைக் கண்டறியலாம். முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். என்ஜினைச் சற்று வேகமாக இயக்கும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி உயரவில்லையென்றால், பேட்டரியை மாற்றுவதற்கு முன் சார்ஜிங் அமைப்பைச் சோதிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், பொருத்தும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

எண்ணெய், ஏர் ஃபில்ட்டர், ஸ்பார்க் பிளக் மாற்றுதல், செயின் தொய்வைச் சரிசெய்தல் போன்றவற்றைப் பொறுமையுள்ள உரிமையாளரே செய்யலாம். ஏபிஎஸ் குழாய்களைத் திறக்கும் வேலைக்குச் சில மாடல்களில் கண்டறிகருவி தேவைப்படும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் குழாயில் பெட்ரோல் அழுத்தத்தில் இருப்பதால், அதை நீக்காமல் கழற்றினால் தீ விபத்து நேரலாம். மூடிய அறையில் என்ஜினை இயக்குவது உயிருக்கே ஆபத்து. உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியாயின், அதன் நிபந்தனைகளை முதலில் படிப்பது நல்லது.

பழுதுபார்க்கும் உரிமை

ஹார்லி டேவிட்சன் நிறுவனம் ஹரியானா மாநிலம் பாவலில் இயங்கிவந்த தனது ஆலையை மூடுவதாக 2020 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே விற்பனை, உதிரிபாகம், சர்வீஸ் ஆகியவற்றுக்காக ஹீரோ மோட்டோகார்ப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. உற்பத்தி நின்றபின்னும் வண்டிகள் பல ஆண்டுகள் ஓடும் என்பதால், பழுதுபார்ப்புத் தகவல் யாரிடம் இருக்கிறது என்பது முக்கியமாகிறது.

இதையொட்டி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றுடன் வாகனங்களும் இதன் வரம்பில் அடங்கும்.

எனினும் மேனுவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பெரு நகரத்திலிருந்து தொலைவில், வட்டார மொழி மட்டுமே அறிந்து கடை நடத்தும் மெக்கானிக்குக்கு அது எட்டாத நூலாகவே இருக்கிறது. அத்தகைய இடங்களில் உரிமையாளர் தம் வேலைக்குரிய பக்கத்தின் அளவுகளையும் அலகுகளையும் தாய்மொழியில் எழுதி மெக்கானிக்கிடம் தருவது எளிய, பயனுள்ள வழியாகும்.